ஊர் எது என்று கேட்காதீர்கள்

அன்புள்ள ஐயா,

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். உயர் தரம் முடித்துவிட்டேன். ஜெர்மன் அரசின் வெல்ட்வேர்ட்ஸ் திட்டத்தில் ஒரு வருடம் பெர்லினில் தொண்டராக வேலைசெய்யத் தெரிவாகியிருக்கிறேன். நொய்க்கோல்ன் பகுதி இளைஞர் நிலையம் ஒன்றில், துருக்கி, அரபுக் குடியேறிகளின் பிள்ளைகளோடு வேலை. கம்பஸைப் பின்போடலாமா? "இங்கே கஷ்டப்பட்ட பிள்ளைகள் இல்லையா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நான் என்ன செய்யலாம், எப்படித் தயாராகலாம் என்று சொல்வீர்களா?

ச., கொழும்பு 6

அன்புள்ள ச.,

கம்பஸைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், இரண்டாம் வருடத்தோடு விட்டவன் நான். வீட்டுக்காரர் பாடுவது பழைய பாட்டு. இங்கேயுள்ள கஷ்டப்பட்ட பிள்ளைகளுக்கு அவர்கள் இதுவரை என்ன செய்தார்கள் என்று மெதுவாகக் கேளுங்கள், பேச்சு சாப்பாட்டுப் பக்கம் திரும்பிவிடும்.

என்னை உறுத்தியது 'குடியேறிகளின் பிள்ளைகள்' என்ற சொல்தான். மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஆள் எடுக்கும் ஒப்பந்தம் போட்டது 1961இல். அன்று போனவரின் பேரனோ பூட்டனோதான் நீங்கள் போகிற நிலையத்தில் கரப்பந்து அடித்துக்கொண்டிருப்பான். பெர்லின் ஆஸ்பத்திரியில் பிறந்த அவன் எங்கிருந்து குடியேறினான்? பிரசவ அறையிலிருந்தா? 2000ஆம் ஆண்டு வரைக்கும் ஜெர்மனியில் பிறந்ததற்காக மட்டும் யாருக்கும் குடியுரிமை கிடைத்ததில்லை. சட்டம் மாறியது. 2005இல் புள்ளிவிபரக்காரர் வேறொரு சொல்லோடு வந்தார்கள்: 'மிக்ராட்சியோன்ஸ்ஹின்டர்குருண்ட்'. குடிபெயர்ந்த பின்புலமாம். நாங்கள் சிரிக்கத் தேவையில்லை. மலையகத்தாருக்கு இங்கே 1911 குடிசன மதிப்பீட்டிலேயே 'இந்தியத் தமிழர்' என்று தனி நிரல் போட்டாயிற்று.

தொண்ணூறுகளின் நடுவில் கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில், புறக்கோட்டைக் கடைகளில் நிற்கும் பையன்களுக்கு எழுத்தும் கொஞ்சம் இங்கிலீசும் சொல்லிக்கொடுத்தோம். அதில் ஒருவன் நாலாம் குறுக்குத் தெருவில் செத்தல் மிளகாய் மூட்டை இறக்குகிறவன். கொப்பி இல்லை. கடையின் பழைய பில் புத்தகத்தில், தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வருவான். அதைத் திருத்திவிட்டு மறதியாகக் கண்ணைக் கசக்கினால், போச்சு, இரவு முழுக்க எரியும்.

"எந்த ஊர் தம்பி?"

"கண்டி சேர்."

"கண்டியில் எவடம்?"

"டவுன் பக்கம்."

அடுத்த ஞாயிறு டவுனில் எந்தத் தெரு என்று கேட்டேன். அதற்கடுத்த ஞாயிறு எந்தப் பள்ளிக்கூடம் என்றேன். சிநேகமாகச் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். நாலாவது ஞாயிறு அவன் வரவில்லை, பிறகும் வரவில்லை. கூட வேலைசெய்தவன்தான் சொன்னான்: பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளையாம். "தோட்டம்னு தெரிஞ்சா கடையில கூப்பிடுற விதமே மாறிடும் சேர்." 1948இல் குடியுரிமை பறிபோன சனம். நாடற்றவராகவே எஞ்சியிருந்தவர்களுக்கும் வழிசெய்யும் சட்டம் வந்தது 2003இல். அந்தப் பையனிடம்தான் நான் தெரு இலக்கம் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்த ஞாயிறுகளில் வகுப்பு முடிந்து வரும் வழியில் ஒரு சோதனைச்சாவடி. என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். டோர்ச்சை முகத்துக்கு நேரே பிடித்து, "கம கொஹெத?" என்பார்கள். ஊர் எது? அட்டையில் எழுதியிருக்கிறதே, பிறகு ஏன் கேட்கிறான் என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் கத்துவேன். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அதே கேள்வியை நானும் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்பது மூன்று ஞாயிறும் எனக்கு உறைக்கவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கோபிக்காதீர்கள் மகள், முதல் ஆறு மாதம் உங்களால் அவர்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. மூன்று மாத வகுப்பு ஜெர்மனோடு போய் யாருக்கு என்ன செய்யப்போகிறீர்கள்? ஹெர்மான்பிளாட்ஸ் நிலையத்தில் யு7 சுரங்க ரயிலிலிருந்து யு8க்கு எப்படி மாறுவது என்று உங்களுக்குக் காட்டப்போவதே அவர்கள்தான். அந்த நிலையத்தில் உண்மையான குடியேறி நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். காட்டட்டும். உங்கள் ஜெர்மனைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கட்டும். அவர்களோடு படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டு 'சேவை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும்.

ஊரை அவர்கள் உங்களிடம் கேட்பார்கள். சொல்லுங்கள், அவசரமில்லாமல். ரயில் தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் கடல், மாலையில் இஸ்ஸோ வடை, எல்லாவற்றையும். நீங்கள் திருப்பிக் கேட்கவேண்டாம். சொல்ல மனம் வந்த நாளில் தாங்களாகவே சொல்வார்கள்.

அந்தப் பையனின் பில் புத்தகம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. முகவரி எழுதிப் பழகச் சொன்ன தாளில் பெயரை எழுதி, கீழே கடை இலக்கம், நாலாம் குறுக்குத் தெரு, கொழும்பு 11 என்று குண்டு குண்டாக எழுதியிருக்கிறான். ஒரு பிழை இல்லை. பக்கத்தில் சிவப்புப் பேனையால், 'சொந்த ஊர்?' என்று என்னுடைய எழுத்து.

அன்புடன்.