மூன்று மாதத்துக்கு ஒரு சிஸ்டோஸ்கோபி: வீடியோ கால் போதாதா டாக்டர்?

கேள்வி: என் மாமனாருக்கு 68 வயது. பண்ருட்டி பக்கம் கிராமம். சிறுநீர்ப்பையில் புற்றுநோய்க் கட்டி என்று புதுச்சேரியில் கருவி விட்டுச் சுரண்டி எடுத்தார்கள். தசைக்குள் இறங்கவில்லை, ஆனால் ‘ஹை கிரேடு’, அதாவது வீரியம் அதிகமான வகை என்று பயாப்ஸி ரிப்போர்ட்டில் இருக்கிறது. சிறுநீர்ப்பைக்குள் விடும் பிசிஜி மருந்தை வாரம் ஒன்றாக ஆறு தடவை போட்டு, கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கிற சிஸ்டோஸ்கோபியும் முதல் தடவை சுத்தமாக வந்துவிட்டது. இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்கிறார்கள், நடுவில் மறுபடியும் பிசிஜி உண்டாம். கடலூரில் பஸ் மாறிப் போவதற்குள் அவரால் அடக்க முடியவில்லை. கணவர் வெளிநாட்டில் இருப்பதால் நான்தான் கூட்டிப்போக வேண்டும். இங்கேயே ஸ்கேன் எடுத்து வீடியோ காலில் காட்டினால் போதாதா? பீடியை விட்டுவிட்டதாகச் சொல்கிறார், ஆனால் தோப்புக்குப் போய்வந்தால் சட்டையில் வாடை வருகிறது.

பதில்: முடியாததை முதலில் சொல்லிவிடுகிறேன். சிஸ்டோஸ்கோபிக்கு நேரில் வந்தே ஆகவேண்டும். ஸ்கேனில் வயிற்றின் மேலிருந்துதான் பார்க்கிறோம். சில மில்லிமீட்டர் அளவுள்ள கட்டி அதில் தப்பிவிடும். இந்த நோயில் இன்னொரு வகை உண்டு. கட்டியாகவே எழும்பாமல், பையின் உள்தோலில் சிவந்த திட்டாகப் படர்ந்திருக்கும். ஹை கிரேடுகாரர்களிடம் நாங்கள் பயப்படுவது அதற்குத்தான். எவ்வளவு நல்ல ஸ்கேன் மிஷினிலும் அது தெரியாது, கேமராவை உள்ளே விட்டால்தான் தெரியும். சிறுநீரில் புற்றுச் செல் தேடும் சைட்டாலஜி பரிசோதனை இதற்குத் துணை, மாற்று ஆகாது. முதல் இரண்டு வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஐந்தாம் வருஷம் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதன்பின் வருஷத்துக்கு ஒன்று என்பதுதான் ஹை கிரேடுக்குப் பொதுவான கணக்கு. ‘இந்தத் தடவை சுத்தம்’ என்பது அடுத்த தடவைக்குச் செல்லாது. திரும்பத் திரும்ப வருவதுதான் இந்த நோயின் குணம்.

மற்றபடி நீங்கள் அலைகிற அலைச்சலில் கணிசமானதைப் போன் குறைத்துவிடும். பயாப்ஸி, சிடி ரிப்போர்ட் கேட்பதற்கும், மருந்து மாற்றுவதற்கும், அடுத்த தேதி பேசுவதற்கும் ஒரு நாள் கூலியையும் பஸ் செலவையும் ஏன் விடவேண்டும்? 2020 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட தொலை மருத்துவ வழிகாட்டுதல் வீடியோ, போன், மெசேஜ் மூன்றையும் அனுமதிக்கிறது. நேரில் பார்த்து ஆறு மாதத்துக்குள், அதே நோய்க்காக, அதே டாக்டரிடம் பேசினால் அது தொடர் சிகிச்சைக் கணக்கில் வரும். உங்கள் மாமனாருக்கு அது சரியாகப் பொருந்தும். அரசின் இ-சஞ்சீவனி என்ற தொலை மருத்துவச் சேவை இலவசம்தான். ஆனால் இந்த நோய்க்கு, கட்டியை எடுத்த டாக்டர் குழுவிடமே பேசுங்கள். உள்ளே எந்த இடத்தில் என்ன இருந்தது என்பது அவர்களுடைய கேஸ் ஷீட்டில்தான் இருக்கிறது.

போன் எனக்கு அதிகம் கைகொடுப்பது பிசிஜிக்கு முந்தின வாரத்தில். சிறுநீரில் தொற்றோ, கண்ணுக்குத் தெரிகிற ரத்தமோ இருந்தால் பிசிஜி போடமாட்டோம். விடிய எழுந்து கிளம்பி, டோக்கன் வாங்கிக் காத்திருந்து, ‘இன்றைக்கு முடியாது, போய்விட்டு அடுத்த வாரம் வாருங்கள்’ என்று கேட்டுத் திரும்புகிறவர்கள் முகத்தை நான் ஓ.பி.யில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நான்கைந்து நாள் முன்பே போனில் பேசி, பண்ருட்டி லேபிலேயே யூரின் கல்ச்சர் கொடுத்து, ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தொற்று இருந்தால் அங்கேயே மாத்திரையை ஆரம்பித்து, தேதியைத் தள்ளிக்கொள்ளலாம்.

அடக்க முடியாத தொல்லையையும் அதே போனில் சொல்லுங்கள். பிசிஜிக்குப் பிறகு பையில் எரிச்சல் வருவது சகஜம், மருந்து இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை மட்டும் வாங்கிக் கொடுக்காதீர்கள். இந்த வயதில் புராஸ்டேட் வீங்கியிருந்தால், அதே மாத்திரை சிறுநீரை அடைத்துவிடக்கூடும்.

பிசிஜி போட்ட அன்றும் மறுநாளும் லேசான காய்ச்சல், உடம்பு வலி, எரிச்சல் வரலாம். அதைப் போனில் பார்த்துக்கொள்ளலாம். 101 டிகிரியைத் தாண்டி, குளிர்நடுக்கத்தோடு வந்தாலோ, இரண்டு நாளாகியும் இறங்காவிட்டாலோ, வீடியோ காலுக்கு நேரம் வாங்கிக் காத்திருக்கக் கூடாது. ராத்திரியானால் பக்கத்து ஆஸ்பத்திரிக்கே போங்கள். போனதும் முதல் வார்த்தையாக, ‘சிறுநீர்ப்பைக்குள் பிசிஜி போட்டிருக்கிறது’ என்று சொல்லிவிடுங்கள். அது வீரியம் குறைத்த உயிருள்ள காசநோய்க் கிருமி. ரத்தத்தில் கலந்துவிட்டால் வழக்கமான ஆன்டிபயாட்டிக்கோடு நிற்காது. வெறும் ‘காய்ச்சல்’ என்றால் டூட்டி டாக்டருக்கு அது தோன்றவே தோன்றாது.

சிறுநீரில் ரத்தம் கட்டிகட்டியாகப் போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ அதுவும் நேரே எமர்ஜென்சிதான். லேசான சிவப்பு என்றால், கண்ணாடி டம்ளரில் பிடித்து, பின்னால் வெள்ளைத் தாளை வைத்துப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அன்றைக்கே அனுப்புங்கள். டாய்லெட்டில் எடுத்த மங்கலான படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ‘வந்தது, தானாக நின்றுவிட்டது’ என்று விட்டுவிடாதீர்கள். வலியில்லாமல் வந்து தானே நிற்கிற ரத்தம்தான் இந்த நோயின் முதல் அடையாளமே.

இன்னொன்று. வீடியோ காலில் மருமகள் பேசுகிறார், மாமனார் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து தலையாட்டுகிறார்; இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறார், துணி நனைகிறதா, கத்தீட்டர் குழாய் போட்டபின் எங்கே எரிகிறது என்று உங்கள் எதிரில் அவர் வாய் திறக்கமாட்டார். டாக்டர் கேட்டால் ‘எல்லாம் நல்லாத்தான் இருக்கு’ என்பார். வீடியோ காலைப் போட்டு ரிப்போர்ட்டைக் காட்டிவிட்டு, போனை அவர் கையில் கொடுத்து, நீங்கள் ஐந்து நிமிஷம் வாசலுக்குப் போய்விடுங்கள். காது மந்தமென்றால் பேரனோ மச்சானோ பக்கத்தில் இருக்கட்டும். சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளையெல்லாம் ஒரு தட்டில் போட்டு வையுங்கள், முக்கியமாக இதயத்துக்கான ரத்தம் உறையாத மாத்திரையை. அதை நீங்களாக நிறுத்தக் கூடாது.

நேரில் வருகிற நாளுக்கு, சிஸ்டோஸ்கோபியையும் டாக்டரைப் பார்ப்பதையும் ஒரே தேதியில் வைக்கச் சொல்லிப் போனிலேயே கேளுங்கள். மரப்பு ஜெல் போட்டுச் சில நிமிஷத்தில் முடிகிற காரியம், அன்றே வீடு திரும்பலாம். பஸ் ஏறுவதற்கு முன் டீ, காபி வேண்டாம். தண்ணீரை நிறுத்த வேண்டியதில்லை.

பீடி விஷயத்தில் நீங்கள் போலீஸ் வேலை பார்க்காதீர்கள். அதுவும் டாக்டரும் அவரும் போனில் தனியாகப் பேச வேண்டிய ஐந்து நிமிஷத்துக்குள் வருகிறது. பீடிப் புகையின் நச்சு சிறுநீரில் வடிந்து அந்தப் பையில்தான் தேங்கி நிற்கிறது என்பதை டாக்டர் சொல்லிக்கொள்ளட்டும். 1800-11-2356 என்ற புகையிலை நிறுத்த உதவி எண் இலவசம். அதை அவர் போனில் பதிந்து கொடுத்துவிடுங்கள், கூப்பிடுவதை அவரிடம் விடுங்கள்.