18 நாள் ஆட்டுக்குட்டி அசை போடவில்லையா?

புட்டிப்பால் குடிக்கும் 18 நாள் ஆட்டுக்குட்டி அசை போடவில்லை, மஞ்சளாகப் பசை போலக் கழிகிறது, பால் குடித்ததும் வயிறு புடைக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டும் இந்த வயதில் இயல்புதான். மூன்றாவதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆட்டுக்கு வயிறு நான்கு அறைகள் கொண்டது; பிறந்த குட்டிக்கு நான்காம் வயிறுதான் பெரியது. உறிஞ்சும்போது உணவுக்குழாயின் முடிவில் உள்ள பள்ளம் குழாய் போல மூடிக்கொண்டு, பாலை நேராக அங்கே அனுப்பிவிடும். முதல் வயிறு இன்னும் சுருங்கிய பைதான். இலை, காய்ந்த புல்லைக் கொறிக்கத் தொடங்கிய பிறகே அதில் நுண்ணுயிர்கள் பெருகும். இரண்டு மூன்று வாரத்தில் அசை தொடங்கும். ஓரளவு முழுதாக வேலை செய்ய எட்டு வாரம் ஆகும். கழிவு உருண்டைப் புழுக்கையாவதும் தீனி ஏற ஏறத்தான்.

குடித்தபின் வயிறு இரு பக்கமும் மெத்தென்று நிறைந்திருந்தால் சரி. இடது விலாவுக்குப் பின்னால் மட்டும் உப்பி, தட்டினால் மத்தளம் போல ஒலித்தால் பால் முதல் வயிற்றில் விழுந்து புளிக்கிறது என்று சந்தேகப்படலாம். பெரும்பாலும் காரணம் நம் கைதான்: காம்பில் பெரிய ஓட்டை, ஆறிய பால், ஒரே மூச்சில் அதிக அளவு. புட்டியைத் தாய் மடியின் உயரத்தில் பிடியுங்கள், கழுத்து சற்றே மேல்நோக்கி நீண்டிருக்கட்டும். பால் 38–39 டிகிரி சூடு. 4 கிலோ குட்டிக்கு நாளுக்கு 600 மில்லி அளவில், நான்கு வேளையாக.

தண்ணீராகக் கழிந்தாலோ, இரத்தம் தெரிந்தாலோ, குட்டி பாலை மறுத்துச் சுருண்டு படுத்தாலோ, உப்பிய வயிறு இறுகிக்கொண்டே போனாலோ அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.