இருட்டில் தெரியும் சிவப்பு விளக்கு: கடற்படைப் பயிற்சி மாணவர்களுக்குக் கேள்வி பதில்

ஐயா, கப்பலில் இடது, வலது என்று சொன்னால் பயிற்சியாளர் கடிந்துகொள்கிறார். ஏன்?

நீங்கள் திரும்பி நின்றால் உங்கள் இடது கை மறுபக்கம் போய்விடும். கப்பலின் பக்கம் மாறாது. முகப்பை நோக்கி நிற்பவரின் இடப்பக்கம் போர்ட், வலப்பக்கம் ஸ்டார்போர்டு. முன்பு இடப்பக்கத்தை லார்போர்டு என்றார்கள். காற்றிரைச்சலில் இரண்டு சொற்களும் ஒன்றுபோலவே காதில் விழுந்ததால், பிரிட்டிஷ் கடற்படை 1844-இல் அதைப் போர்ட் என்று மாற்றியது. சுக்கான் பிடிப்பவர் கட்டளையை அப்படியே திருப்பிச் சொல்வதும் இதற்காகத்தான். தவறாகக் கேட்டிருந்தால் அந்த நொடியிலேயே தெரிந்துவிடும்.

வேகத்தை 'நாட்' என்று சொல்வது எப்படி வந்தது?

முடிச்சிலிருந்துதான். கயிற்றில் சுமார் 14.4 மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் பலகை கட்டிக் கடலில் விடுவார்கள். 28 வினாடி மணற்கடிகாரம் ஓடி முடிவதற்குள் கையைக் கடந்துபோன முடிச்சுகளின் எண்ணிக்கையே வேகம். இன்றும் ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர்.

இரவில் வேறொரு கப்பலின் விளக்குகளைக் கண்டால் குழம்பிவிடுகிறேன்.

குழப்பம் இயல்புதான் தம்பி. இதை மட்டும் ஆழமாகப் பதிய வையுங்கள்: போர்ட் பக்கம் சிவப்பு, ஸ்டார்போர்டு பக்கம் பச்சை. உங்கள் வலப்பக்கத்திலிருந்து குறுக்கே வரும் கப்பல் உங்களுக்குச் சிவப்பைக் காட்டும். இரண்டும் இயந்திரக் கப்பல்கள் என்றால் விலக வேண்டியது நீங்கள்தான். சிவப்பும் பச்சையும் சேர்ந்து நேரே தெரிந்தால் அது உங்களை நோக்கியே வருகிறது. இரண்டு கப்பல்களும் ஸ்டார்போர்டு பக்கம் திரும்ப வேண்டும்.

திசைகாட்டியில் அந்த விளக்கின் கோணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சில நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். தூரம் குறைந்தும் கோணம் மாறவில்லை என்றால் மோதல் நிச்சயம் என்றே எண்ணி, உடனே மேலதிகாரியிடம் சொல்லுங்கள். தவறாகச் சொல்லிவிடுவோமோ என்று தயங்க வேண்டாம்.

காவலுக்குச் செல்வதற்கு அரை மணி நேரம் முன்பே வெளிச்சத்தை விட்டு வந்துவிடுங்கள். கண் இருளுக்குப் பழக அவ்வளவு நேரம் பிடிக்கும். மங்கலான விளக்கை நேராகப் பார்க்காமல் சற்றே ஓரமாகப் பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

கப்பலைத் துறையில் கட்டும்போது எதற்கு இவ்வளவு கெடுபிடி?

இழுவிசையில் இருக்கும் கயிறு உயிரைக் குடிக்கும். நைலான் கயிறு ரப்பரைப்போல நீளும். அறுந்தால் சாட்டையாகத் திரும்பிச் சீறும். விலக நேரமே இருக்காது. நான் புதிதாகச் சேர்ந்தபோது, தளத்தில் வளையமாகக் கிடந்த கயிற்றுக்குள் கால் வைத்து நின்றிருந்தேன். மூத்த மாலுமி ஒருவர் சட்டையின் பின்கழுத்தைப் பிடித்து இழுத்தார். நான் தடுமாறி விழுவதற்குள் அந்த வளையம் சுருங்கி, இரும்புத் தூணில் புகை வரும்படி இறுகியது. என் கணுக்கால் இருந்த இடம் அது. அன்றிலிருந்து கயிற்றுக்கு அருகே போனால் முதலில் என் பாதத்தைத்தான் பார்க்கிறேன்.

குண்டு இல்லாத துப்பாக்கியை விளையாட்டாக நண்பன் பக்கம் நீட்டினேன், கடும் தண்டனை கிடைத்தது.

சரியான தண்டனை. கையில் எடுக்கும் ஒவ்வொரு துப்பாக்கியிலும் குண்டு இருக்கிறது என்றே நடந்துகொள்ள வேண்டும். சுடும் நொடி வரை விரல் விசையைத் தொடக் கூடாது.

ஒருவர் கடலில் விழுந்ததைக் கண்டால் நான் என்ன செய்ய வேண்டும், ஐயா? நான் பயிற்சியில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

மகளே, முதல் நாள் வந்தவருக்கும் இதே கடமைதான். ஆள் விழுந்துவிட்டார் என்று எந்தப் பக்கம் என்பதோடு உரக்கக் கத்துங்கள். மிதவை வளையத்தை எறியுங்கள். பின்பு கையை நீட்டி அவரைச் சுட்டிக்காட்டியபடியே நில்லுங்கள். அலைகளுக்கு நடுவே ஒரு தலை தேங்காய் அளவுதான் தெரியும். ஒருமுறை கண்ணை எடுத்தால் மீண்டும் கிடைக்காது. கப்பல் திரும்பும், நீங்களும் அதற்கேற்பத் திரும்பிக்கொண்டே இருங்கள். யார் எதைக் கேட்டாலும் அவரைப் பார்த்தபடியே பதில் சொல்லுங்கள். அவரைத் தூக்கி எடுக்கும் வரை கையை இறக்காதீர்கள்.