1980 டாட்ஜ் சேலஞ்சர் மலிவாகக் கிடைக்கிறது. அது அசல் சேலஞ்சர்தானா, வாங்கலாமா?

கேட்டவர் அமெரிக்காவில் இருக்கிறார், விளம்பரத்தில் ‘சேலஞ்சர்’ என்ற பெயரையும் அந்த விலையையும் சேர்த்துப் பார்த்ததில் தூக்கம் போய்விட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். பெயர் அசல்தான், 1970–74-ல் வந்த புகழ்பெற்ற அமெரிக்கச் சேலஞ்சரின் பெயரைக் கம்பெனியே இதற்கும் வைத்தது. வண்டி மட்டும் மிட்சுபிஷி. 1976-ல் ஜப்பானில் வந்த காலன்ட் லாம்ப்டா. டாட்ஜ், ப்ளிமத் இரண்டுக்கும் தாய்க் கம்பெனியும் மிட்சுபிஷி மோட்டார்ஸில் பங்கு வைத்திருந்ததுமான கிரைஸ்லர் அதை இறக்குமதி செய்து, 1978 முதல் 1983 மாடல் வரை டாட்ஜ் ஷோரூமில் சேலஞ்சர் என்றும் ப்ளிமத் ஷோரூமில் சப்போரோ என்றும் விற்றது. 1970–74 சேலஞ்சரின் உதிரி பாகம் எதுவும் இதில் உட்காராது.

வாங்கலாமா என்றால், மிட்சுபிஷி விலைக்குக் கொடுத்தால் வாங்கலாம். பெயருக்கென்று ஒரு டாலர்கூடக் கூடுதலாகத் தராதீர்கள்.

முதலில் சேசிஸ் நம்பர். பழைய சேலஞ்சரில் அது 13 இலக்கம், J-யில் தொடங்கும். அந்த J சேலஞ்சர் வரிசையைக் குறிக்கும். JS23R0B என்று ஆரம்பித்தால்: S என்பது ஆர்/டி என்ற வேக மாடல், 23 நடுத்தூண் இல்லாத இரண்டு கதவு ஹார்ட்டாப், R என்பது 426 கன அங்குல ஹெமி (பெரிய வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின்), 0 என்பது 1970, B ஹாம்ட்ராம்க் ஆலை. 1981 முதல் எல்லா வண்டிக்கும் 17 இலக்கம் ஆனது. அதில் இந்த மிட்சுபிஷி சேலஞ்சர் JB3 என்று தொடங்கும். இங்கே J என்றால் ஜப்பான். இரண்டுமே J என்பதால் ‘நம்பர் பொருந்துகிறது பாருங்கள்’ என்று விற்பவர் காட்டினால் தலையாட்டிவிடாதீர்கள்; மீதி எழுத்துகளையும் இலக்க எண்ணிக்கையையும் பாருங்கள். நீங்கள் பார்த்தது 1980 என்பதால் 17 இலக்கமும் இருக்காது, JH23 (சாதாரண சேலஞ்சர்), JS23 என்ற தொடக்கமும் இருக்காது.

‘ஹெமியின் 425 குதிரைத்திறன் எங்கே, இதன் 105 எங்கே’ என்று சிரிக்க ஒரு கூட்டம் வரும். ஹெமி பக்தர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் கணக்கைச் சரியாகப் போடட்டும். 1971 வரை விளம்பரப்படுத்திய எண், ஃபேன், ஆல்டர்னேட்டர், வண்டியில் வரும் சைலன்சர் எதுவும் மாட்டாமல் அளந்தது. 1972-லிருந்து அவற்றையெல்லாம் மாட்டி அளந்தார்கள். 1974-ல் கடைசியாக வந்த சேலஞ்சரின் 318 கன அங்குல வி8 இந்தப் புது முறையில் 150 குதிரைத்திறன், வண்டி எடை 1,450 கிலோவுக்கு மேல். மிட்சுபிஷியின் 2.6 லிட்டர் நாலு சிலிண்டர் 105, எடை ஏறக்குறைய 1,200 கிலோ. பின்சக்கர இழுவை, ஐந்து கியர் மேனுவல். இதைப் ‘போலி’ என்று திட்டுவது அநியாயம். 1.6 லிட்டர் இன்ஜின் போட்டதும் உண்டு, அதைத் தொடாதீர்கள்.

2.6 இன்ஜினில் பார்க்கவேண்டியது நிறைய. இதில் கிராங்க்கைவிட (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டு) இருமடங்கு வேகத்தில், எதிரெதிராகச் சுற்றும் இரண்டு பேலன்ஸ் ஷாஃப்ட் உண்டு. பெரிய நாலு சிலிண்டரின் அதிர்வை அடக்க மிட்சுபிஷி செய்த வேலை அது. போர்ஷே தன் 944-க்கு இதற்கு உரிமம் வாங்கியது. இவற்றை ஓட்டத் தனியாக ஒரு செயின். அதே செயின்தான் ஆயில் பம்ப்பையும் ஓட்டுகிறது. ஆயில் குறைவாக ஓட்டினால் ஷாஃப்ட் பேரிங் பிடிக்கும், செயின் அறும், ஆயில் பம்ப் நிற்கும், அறுந்த துண்டு பக்கத்தில் வால்வுகளை இயக்கும் டைமிங் செயினையும் இழுத்துக்கொண்டு போகும். எனவே இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்பக்கம் கடகடவென்ற சத்தம் சில நொடிகளில் அடங்காவிட்டால் செயின் கைடுகள் தேய்ந்துவிட்டன. விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

பேலன்ஸ் ஷாஃப்ட்டைக் கழற்றிவிடும் கிட் கிடைக்கிறது. அதில் ஆயில் பம்ப்பைச் சுழற்றும் குட்டை ஷாஃப்ட் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். செயினை மட்டும் எடுத்துப் போட்டால் ஆயில் பிரஷர் பூஜ்யம்.

அடுத்து ஹெட், அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் பாகம். இரும்பு பிளாக் மேல் அலுமினிய ஹெட். ஒருமுறை கொதித்தாலே வளையும், வால்வு இருக்கைகளுக்கு இடையில் விரிசல் விடும். புகைக் கட்டுப்பாட்டுக்காக ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஜெட் வால்வு என்று மூன்றாவதாக ஒரு குட்டி வால்வு வைத்திருக்கிறார்கள். அதை அழுத்துவதும் இன்டேக் வால்வை அழுத்தும் அதே ராக்கர் கைதான். டேப்பெட் அட்ஜஸ்ட் (வால்வு இடைவெளியைச் சரிசெய்வது) செய்யும்போது இன்டேக் திருகைத் தளர்த்திவிட்டு, முதலில் ஜெட் வால்வு, பிறகுதான் இன்டேக். மாற்றிச் செய்தால் இடைவெளி சரியாக அமையாது. ஹெட்டை மாற்றுவதாக இருந்தால் ஜெட் வால்வு இல்லாத புது வார்ப்பு ஹெட் போடுவது நல்லது. உங்கள் மாநிலப் புகைச் சோதனை அனுமதிக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

ஹெட்டைத் தூக்கும் மெக்கானிக்கிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். முன்னால் செயின் உறையோடு ஹெட்டைப் பிணைக்கும் இரண்டு சின்ன போல்ட் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு நெம்பினால் உடையும். கேம் ஸ்ப்ராக்கெட்டைச் செயினோடு சேர்த்து அதன் தாங்கியிலேயே உட்காரவைக்க வேண்டும். செயின் தொய்ந்தால் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் வெளியே குதிக்கும், பிறகு முன்பக்கம் முழுவதையும் பிரிக்க நேரும்.

பாகம் தேடும்போது ‘சேலஞ்சர்’ என்று கேட்காதீர்கள், 1970 வண்டியின் சாமான்தான் வந்து விழும். டாட்ஜ் டி-50 பிக்கப்பின் 2.6 என்று கேளுங்கள். அதிலும் இன்ஜின் நீளவாட்டில் இருக்கும். கிரைஸ்லரின் கே (K) என்ற முன்சக்கர இழுவை வண்டிகளிலும் முதல் மினிவேன்களிலும் இதே இன்ஜின் உண்டு, ஆனால் குறுக்குவாட்டில். உள்பாகங்கள் உதவும், வெளியே மாட்டியவை பொருந்தும் என்று நம்பவேண்டாம். கண்ணாடி, விளக்கு, ரப்பர் பீடிங், பளபளப்புப் பட்டை இவையெல்லாம் இன்னொரு சேலஞ்சரையோ சப்போரோவையோ பிரித்தால்தான் கிடைக்கும். அதனால் இன்ஜின் சுமாராக இருந்து பாடி முழுசாக இருக்கும் வண்டியே மேல்.

ஏன் அந்தப் பெயரை வைத்தார்கள்? 1974-க்குப் பிறகு சும்மா கிடந்த, எல்லோருக்கும் தெரிந்த பெயர். விளம்பரச் செலவு மிச்சம். அன்றைய அமெரிக்க வணிகச்சின்னச் சட்டப்படி தொடர்ந்து இரண்டு ஆண்டு பயன்படுத்தாவிட்டால் பெயரைக் கைவிட்டதாகவே முதலில் கருதுவார்கள் (இப்போது மூன்று ஆண்டு). அதற்காகவேதான் செய்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை.

சம்பந்தமில்லாத ஒரு எரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். நம்மூரில் கான்டெஸாவை ‘இந்தியாவின் மசில் கார்’ (பெரிய வி8 போட்ட அமெரிக்க வேக வண்டிகளுக்கான பெயர்) என்று எழுதுகிறார்கள். அது வாக்ஸ்ஹால் விக்டர் உடம்பு, ஆரம்பத்தில் அம்பாசடர் வகை 1.5 லிட்டர் இன்ஜின். நல்ல வண்டிதான், யார் இல்லையென்றது? மூக்கு நீளமாக இருந்தால் மசில் காரா?

சேலஞ்சர் போலவே பழைய பெயரை வேறு வண்டிக்கு வைத்த 1988–93 போன்டியாக் லெமான்ஸ் மலிவாகக் கண்ணில் பட்டால் கடந்துபோங்கள். 1964-ல் ஜிடிஓ என்ற புகழ்பெற்ற மசில் கார் பிறந்தது லெமான்ஸின் கூடுதல் பொருத்தமாக, 389 கன அங்குல வி8-ஓடு. பிற்காலத்து லெமான்ஸ் கொரியாவில் டேவூ செய்த ஓப்பல் காடெட். முன்சக்கர இழுவை, 1.6 லிட்டரில் 74 குதிரைத்திறன். 1995-ல் இந்தியாவுக்கு வந்த சியலோ இதன் உடன்பிறப்பு. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், டைமிங் பெல்ட்டின் இறுக்கத்தை வாட்டர் பம்ப்பைத் திருப்பித்தான் வைக்கவேண்டும். பம்ப்பின் மூன்று போல்ட்டையும் தளர்த்தி, 41 மி.மீ. மெல்லிய ஸ்பேனரால் திருப்பி, கிராங்க்கை இரண்டு சுற்று சுற்றிவிட்டு மறுபடி பாருங்கள். பழைய பம்ப்பை அசைத்தால் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) ஒழுகும், அதனால் பெல்ட்டோடு பம்ப்பையும் மாற்றுங்கள். அதிகம் இறுக்கினால் பெல்ட் ஊளையிடும், பம்ப் பேரிங் சீக்கிரமே போய்விடும்.