சர்ச் ஏன் சதுரமா இருக்கு?

கேள்வி: என் பையன் எடின்பரோவுல படிக்கிறான். ஃபோர்த் கழிமுகத்துக்கு எதிர்க்கரையில பர்ன்ட்ஐலண்ட்னு ஒரு ஊர்ல இருக்குற பழைய சர்ச்சை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். பெட்டி மாதிரி சதுரமா இருக்கு! நான் பார்த்த சர்ச் எல்லாம் நீளமா, கடைசில ஆல்டர்ங்கிற பூசை மேடையோட இருக்கும். இது என்ன கணக்கு?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: கணக்கு காதுல இருக்கும்மா. 1560ல ஸ்காட்லாந்து போப்பை விட்டு விலகி புராட்டஸ்டன்ட் ஆச்சு, அதுக்கு முன்னாடி பூசை நடக்குறது கிழக்குக் கோடியில, சனங்க தூரத்துல நின்னு பார்ப்பாங்க, புது முறைல ஆல்டரே கிடையாது, பிரசங்கம்தான் முக்கியம், அது எல்லார் காதுலயும் விழணும். நிறைய ஊர்ல பழைய சர்ச்சுக்குள்ளயே பெஞ்சைத் திருப்பிப் போட்டு சமாளிச்சாங்க. பர்ன்ட்ஐலண்ட்காரங்க 1592ல புதுசாவே கட்ட ஆரம்பிச்சதால அந்தச் சங்கடம் இல்ல. நடுவுல நாலு தடித் தூண், தூணுக்குத் தூண் ஆர்ச், அதுக்கு மேல கோபுரம், சுத்தி நாலு பக்கமும் சனங்க. உச்சில தெரியுற எட்டுப்பட்டை மணிக்கூண்டு மட்டும் பின்னாடி 1749ல வச்சது.

எல்லாரும் சமம்னு நினைச்சுடாதீங்க! நடுவுல மேற்கூரையெல்லாம் போட்டு ஒரு சொகுசு பெஞ்ச் இருக்கு, 1606ல அந்த ஊர் கோட்டைக்காரர் சர் ராபர்ட் மெல்வில்லுக்காக செஞ்சது. வாசல்ல செருப்பைக் கழட்டினாலும் அந்தஸ்தைக் கழட்ட மாட்டோம்ல, அது எல்லா ஊர்லயும் உண்டு.

நம்ம சென்னை எழும்பூர்ல ஸ்காட்லாந்துக்காரங்க கட்டி 1821ல திறந்த கிர்க் (அவங்க பேச்சுல சர்ச்) போயிருக்கீங்களா? அங்க சதுரத்துக்குப் பதிலா உள்பக்கம் வட்டமா இருக்கும்.

கேள்வி: இது ஆம்ஸ்டர்டாம்ல இருக்குற நூர்டர்கெர்க்ங்கிற சர்ச்சைப் பார்த்து காப்பி அடிச்சதுன்னு என் பையன் எங்கயோ படிச்சானாம். நிஜமா?
- அதே வாசகி

பதில்: ரொம்ப நாளா சுத்துற கதை அது. நூர்டர்கெர்க் கட்டவே ஆரம்பிச்சது 1620ல. பேரன் ஜாடையில தாத்தா பொறந்தாருங்கிற மாதிரி இருக்கு! அது கட்டுறதுக்கு முன்னாடியே, 1601ல, இதே பர்ன்ட்ஐலண்ட் சர்ச்லதான் ஸ்காட்லாந்து திருச்சபையோட பொதுப்பேரவை கூடுச்சு. ராஜா ஆறாம் ஜேம்ஸ் வந்திருந்தார், பைபிளைப் புதுசா மொழிபெயர்க்கணும்னு பேச்சு வந்தது அங்கதான். பிறகு இங்கிலாந்துக்கும் ராஜாவாகி 1604ல அவர் அதுக்கு உத்தரவு போட, 1611ல வெளிவந்தது, அவர் பேர்லயே கிங் ஜேம்ஸ் பைபிள்னு இன்னிக்கும் சொல்றோம்.

கேள்வி: சுவத்துக்கு வெளிப்பக்கமா ஒரு கல்படி மேல ஏறுதே, அது எதுக்கு?
- மறுபடியும் அதே வாசகி (கோச்சுக்காதீங்க)

பதில்: கோபமே இல்ல, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயத்தைத்தான் கேட்டிருக்கீங்க. உள்ள சுத்தி இருக்குற மரக் கேலரிய தொழில்வாரியா பிரிச்சிருந்தாங்க, தையல்காரங்க, ரொட்டி சுடுறவங்கன்னு. அதுல மாலுமிங்க இடம்தான் ஜோர், பலகையில கப்பல் எல்லாம் வரைஞ்சிருக்கும். துறைமுக ஊராச்சே, பிரசங்கமோ மணிக்கணக்கா போகும், கடல் ஏத்தம் பாதிரியாருக்காக காத்திருக்குமா? நேரம் வந்துட்டா மாலுமிங்க கீழ இருக்குறவங்களுக்குத் தொந்தரவு குடுக்காம அந்த வெளிப்படி வழியா நைசா இறங்கி நேரா கப்பலுக்குப் போயிடலாம். பிரசங்கம் போரடிச்சு இறங்கினவங்க எத்தனை பேரோ, அதை யாரும் எழுதி வைக்கல.