இரண்டு கிலோமீட்டர்தானே, ஓட்டிப் போய்விடலாமா?

கேள்வி: அப்பா 2008-இல் வாங்கிய 1,200 சிசி பெட்ரோல் கார் நான்கு வருடங்களாக எங்கள் போர்டிகோவிலேயே நிற்கிறது. இன்சூரன்ஸ் எப்போதோ முடிந்துவிட்டது. ஆர்.சி.யின் 15 வருடமும் 2023-இல் முடிந்தது. பழைய வண்டிகளுக்கான பசுமை வரியும் கட்டவில்லை. மெக்கானிக் வந்து புது பேட்டரி போட்டதும் வண்டி ஸ்டார்ட் ஆனது. பிரேக் வேலையை மட்டும் ஷெட்டில் வைத்துத்தான் பார்க்க முடியும் என்கிறார். "ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மெதுவா எடுத்துட்டு வந்துடுங்க, ரெண்டு கிலோமீட்டர்தானே! இல்லன்னா கயிறு கட்டி இழுத்துடலாம்" என்றும் சொல்கிறார். இப்படிச் செய்வது சட்டப்படி சரியா?

பதில்: சரியில்லை. ஓட்டிப் போவதும் தவறு, கயிறு கட்டி இழுப்பதும் உங்களைக் காப்பாற்றாது. அதற்காக வண்டி போர்டிகோவிலேயே துருப்பிடிக்க வேண்டியதில்லை. அதிகச் செலவில்லாத நேர்வழி ஒன்று இருக்கிறது.

முதலில் தூரக் கணக்கை விட்டுவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 146-ஆவது பிரிவு, மூன்றாம் நபர் காப்பீடு (உங்கள் வண்டியால் மற்றவர்களுக்கு ஏற்படும் பாதிப்புக்கான இன்சூரன்ஸ்) இல்லாத வண்டியைப் பொது இடத்தில் பயன்படுத்தக் கூடாது என்கிறது. எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணிக்கு என்ற பேச்சே அதில் கிடையாது. பொதுமக்கள் போய்வர உரிமையுள்ள இடமெல்லாம் பொது இடம்தான்; உங்கள் வீட்டு முட்டுச் சந்தும் அதில் சேரும். காம்பவுண்டுக்குள் வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்ததில் தவறில்லை. கேட்டைத் தாண்டி முன்சக்கரம் தெருவில் இறங்கினால் குற்றம் தொடங்கிவிடும்.

தண்டனை 196-ஆவது பிரிவில் இருக்கிறது: முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்தடுத்த முறைகளுக்கு அபராதம் 4,000 ரூபாய். இந்தப் பிரிவு ஓட்டியவரை மட்டும் சொல்லவில்லை, ஓட்ட அனுமதித்தவரையும் சேர்த்தே சொல்கிறது. ஆர்.சி. அப்பா பெயரில் இருக்கிறது. சாவியை அவர்தான் எடுத்துக் கொடுப்பார். அப்படியானால் ஓட்டியதற்கு நீங்களும், ஓட்ட விட்டதற்கு அவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். காலாவதியான பதிவோடு ஓட்டியது 192-ஆவது பிரிவில் தனிக் குற்றம், அதற்கு 5,000 ரூபாய் வரை அபராதம். பிரேக் சரியில்லை என்று தெரிந்தே எடுத்தால் 190-ஆவது பிரிவும் சேரும்.

அபராதத்தைக் கட்டிவிட்டு மறந்துவிடலாம். என் கவலை அதுவல்ல. அந்த ஆறு மணிக்குப் பால் வாங்க சைக்கிளில் வரும் ஒருவர்மீது உங்கள் வண்டி இடித்துவிட்டால் என்ன ஆகும்? 164-ஆவது பிரிவின்படி, யார்மீது தவறு என்று பார்க்காமலே உயிரிழப்புக்கு 5 லட்சமும் படுகாயத்துக்கு இரண்டரை லட்சமும் தர வேண்டும். மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் முழு இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டால், அடிபட்டவரின் வயதையும் வருமானத்தையும் பொறுத்துத் தொகை இதைவிடப் பல மடங்கு போகலாம். இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனி கொடுக்கும். இல்லாவிட்டால் அப்பாவின் சேமிப்பிலிருந்தும் சொத்திலிருந்தும்தான் போக வேண்டும். போலீஸ் பிடித்துவைத்த வண்டியையும், போதிய பிணையம் கட்டாமல் நீதிமன்றம் விடாது. அடிபட்ட குடும்பம் பணத்துக்காக வருடக்கணக்கில் அலையக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் காப்பீட்டையே கட்டாயமாக்கி வைத்திருக்கிறார்கள்.

சரி, கயிறு யோசனைக்கு வருவோம். "இன்ஜின் ஓடலியே சார், வண்டியை எங்க பயன்படுத்தினோம்?" என்று பலரும் கேட்கிறார்கள். இந்த வாதத்துக்கு உச்ச நீதிமன்றம் 1991-இலேயே பதில் சொல்லிவிட்டது. மகாராஷ்டிரத்தில் ஒரு பெட்ரோல் டேங்கர் லாரி மோதிக் கவிழ்ந்து கிடந்தது. நான்கு மணி நேரம் கழித்து அது வெடித்துப் பலர் இறந்தார்கள். கவிழ்ந்து கிடந்த லாரியைப் பயன்பாட்டில் இருந்ததாக எப்படிச் சொல்வது என்ற கேள்வி வந்தது. பழுதாகி அசையாமல் நின்றாலும் அது பயன்பாடுதான் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. கவிழ்ந்து கிடந்த லாரிக்கே அப்படி என்றால், நான்கு சக்கரமும் தரையில் உருள, ஒருவர் ஸ்டீயரிங் பிடித்து உட்கார்ந்து வரும் காருக்கு என்ன சொல்வார்கள்? கயிறு கட்டி இழுப்பதற்கென்று இருக்கும் விதிகளைக் கடைப்பிடித்தாலும், அவை காப்பீட்டுக்கு விலக்கு தருவதில்லை. பிரேக் பிடிக்காத வண்டியைக் கயிற்றில் இழுத்தால் முன்னால் போகும் வண்டியின் பின்பக்கத்தில்தான் போய் நிற்கும், அது வேறு.

நேர்வழி, மேடை போட்ட ரெக்கவரி வண்டி. நான்கு சக்கரமும் மேலே ஏறிவிட்டால் உங்கள் கார் சாலையில் ஓடும் வாகனமாக இல்லை. அந்த லாரி ஏற்றிச் செல்லும் சரக்கு. சட்டத்தின் 2(13) பிரிவு, ஆட்களைத் தவிர வண்டியில் ஏற்றிச் செல்லும் எதையும் சரக்கு என்றுதான் வரையறுக்கிறது. ரெக்கவரி வண்டிக்கு இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். லாரியை கேட்டை ஒட்டிப் பின்பக்கமாக நிறுத்தச் சொல்லி, வின்ச் கயிற்றால் போர்டிகோவிலிருந்தே நேராக மேலே ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றும் முன் பம்பர், கதவு, கண்ணாடி, மீட்டர் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஏற்றும் இடம், இறக்கும் இடம் இரண்டின் முகவரியும் எழுதிய பில் வாங்குங்கள்.

லாரி வருவதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. அப்பா பெயரில் மூன்றாம் நபர் பாலிசி ஒன்று எடுத்துவிடுங்கள். 2022 ஜூன் முதல் வந்த கட்டணப்படி உங்கள் கார் 1,000 முதல் 1,500 சிசி வரையிலான பிரிவில் வருகிறது: வருடத்துக்கு 3,416 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஆர்.சி. தேதி முடிந்துவிட்டது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பாலிசியில் எந்தத் தேதி, எந்த மணியிலிருந்து காப்பு தொடங்குகிறது என்று அச்சிட்டிருப்பார்கள். அதைப் படிக்காமல் விடாதீர்கள். உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில் விபத்து நடந்தது பிற்பகல் 2.20-க்கு, பாலிசி எடுத்தது அதே நாள் 2.55-க்கு. கம்பெனி கொடுக்க வேண்டியதில்லை என்றுதான் தீர்ப்பு வந்தது.

பாலிசி வந்துவிட்டதே, இனி ஓட்டலாமே என்று நினைக்க வேண்டாம். பதிவு இன்னும் காலாவதிதான். பதிவு முடிந்த வண்டியைச் சாலையில் எடுத்தது பாலிசியின் அடிப்படை நிபந்தனையையே மீறியது என்று சொல்லி, காணாமல் போன ஒரு காருக்கான கோரிக்கையை 2021-இல் உச்ச நீதிமன்றம் மறுத்திருக்கிறது. உங்கள் கம்பெனியும் அதே வாதத்தைத்தான் எடுக்கும்.

அப்புறம், மெக்கானிக்கின் டிரையல். பிரேக் மாற்றியதும் ஒரு ரவுண்டு எடுத்துப் பார்ப்பது அவர்கள் வழக்கம். ஷெட் வளாகத்துக்குள் மட்டும் பாருங்கள், ரோட்டில் எடுக்க வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்பிவிடுங்கள். நாளை ஏதாவது நடந்தால் அப்பா அனுமதி தரவில்லை என்று காட்ட அது உதவும்.

வேலை முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25-இல் அப்பாதான் கையெழுத்துப் போட வேண்டும். 15 வருடம் தாண்டி 20 வருடத்துக்குள் இருக்கும் காருக்கு 2022 ஏப்ரல் முதல் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். தாமதக் கட்டணமும் பசுமை வரி பாக்கியும் சேரும். ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியை நேரில் காட்ட வேண்டும். கையில் அப்பாயின்ட்மென்ட் சீட்டு இருப்பதால் மட்டும் செத்த பதிவுக்கு உயிர் வந்துவிடாது. அதனால் அங்கேயும் ரெக்கவரி வண்டியிலேயே கொண்டு போங்கள். இரண்டு நடைக்கும் சேர்த்து ஒரே ஆளிடம் வாடகை பேசினால் கொஞ்சம் குறைத்துக்கொள்வார்.