அதிபர் மறுத்தாலும் ஆசிரியை முறைப்பாடு செய்யலாமா?

கேள்வி: மட்டக்களப்பின் படுவான்கரைப் பகுதியிலுள்ள ஓர் அரச பாடசாலையில் கற்பிக்கிறேன். என் வகுப்பில், தரம் 7இல் படிக்கும் ஒரு மாணவியின் தாய் குவைத்தில் வேலை செய்கிறார். பிள்ளை அம்மம்மாவோடும் தாய்மாமனோடும் இருக்கிறாள். திங்கட்கிழமை அவளுடைய கெண்டைக்கால்களில் இடுப்புப்பட்டியின் அகலத்தில் தடித்த தழும்புகளைக் கண்டு கேட்டபோது, “மாமா அடிச்சவர்” என்றாள். பாடசாலை விட்ட பின்பும், காவலாளி கேற்றைப் பூட்டும்வரை வீட்டுக்குப் போகாமல் நிற்கிறாள். அதிபரோ, “இது குடும்பப் பிரச்சினை, மாமாவைக் கூப்பிட்டுப் பேசி முடிப்போம்” என்கிறார். ஆதாரமில்லாமல் நான் முறைப்பாடு செய்யலாமா? பழிவாங்கும் இடமாற்றம் வருமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம், அதற்கு அதிபரின் அனுமதி தேவையில்லை. பதினெட்டு வயதுக்குக் குறைந்த ஒருவரைத் தமது பாதுகாப்பிலோ பொறுப்பிலோ வைத்திருக்கும் எவரும், அவருக்குத் துன்பமோ உடல்நலக் கேடோ விளையக்கூடிய விதத்தில் வேண்டுமென்றே தாக்கினால், அது 1995ஆம் ஆண்டின் திருத்தத்தால் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்க்கப்பட்ட 308அ பிரிவின் கீழ் சிறுவர்மீதான கொடுமை என்னும் குற்றமாகும். அதற்குரிய சிறைத்தண்டனை இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாததும் பத்து ஆண்டுகளுக்கு மேற்படாததுமாகும். தாய் வெளிநாட்டில் இருக்க, பிள்ளை வளரும் வீட்டிலுள்ள மாமா இந்தப் பிரிவுக்குள் வருவார் என்றே நான் கருதுகிறேன்.

ஆதாரம் திரட்டுவது உங்கள் வேலையல்ல. நீங்கள் கண்டதையும் பிள்ளை சொன்னதையும் உரியவர்களிடம் ஒப்படைத்தால் போதும். நிரூபிப்பது பொலிஸாரின் பொறுப்பு, மருத்துவ அறிக்கை தருவது சட்ட வைத்திய அதிகாரியின் பொறுப்பு. ஆகவே இன்றே ஒரு தாளில் திகதி, நேரம், தழும்பு இருந்த இடம், அதன் அளவு ஆகியவற்றையும், “மாமா அடிச்சவர்” என்ற அவளுடைய வார்த்தைகளை உங்கள் நடையில் திருத்தாமல் அப்படியேயும் எழுதிக் கையொப்பமிட்டு வையுங்கள். அவளை மீண்டும் மீண்டும் விசாரிக்காதீர்கள். அலுவலக அறையில் நாலு பேர் சூழ நின்று கேட்டு வாங்கும் வாக்குமூலம், பிறகு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கே பயன்படுவதைக் கண்டிருக்கிறேன். 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டம் சிறுவரின் ஆரம்ப நேர்காணலை ஒளிப்பதிவு செய்து சாட்சியமாக முன்வைக்க இடமளிப்பது, பிள்ளை ஒரே வேதனையைப் பலமுறை சொல்ல வேண்டியிராதபடி காப்பதற்காகத்தான்.

அதிபரின் யோசனையில் எனக்குப் பெரிய பயம் ஒன்றுண்டு. மாமாவை அழைத்துப் பேசிய அன்று மாலையும் பிள்ளை அதே வீட்டுக்குத்தான் போக வேண்டும். இம்முறை “பள்ளிக்கூடத்தில் சொன்னவள்” என்ற குற்றமும் அவள்மேல் இருக்கும். நாள் கடந்தால் தழும்பும் மங்கிவிடும்.

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ, பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மற்றும் மகளிர் பணியகத்திலோ நேரில் முறையிடலாம். பொலிஸில் முறையிட்டால் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அத்துடன் 308அ பிரிவைப் பெயர் சொல்லியே குறிப்பிடுங்கள். சாதாரண காயம் விளைவித்தல் என்று பதிந்துவிட்டால், விடயம் சிறு பிணக்குகளைச் சமரசமாகத் தீர்க்கும் மத்தியஸ்த சபைக்குப் போய் ஒரு சமாதானக் கடிதத்தோடு முடிந்துபோகக்கூடும். அதிபருக்கும் எழுத்தில் அறிவித்து, பிரதியொன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். தழும்பின் படத்தை ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

உங்கள் பாதுகாப்பைப் பொறுத்தவரை, குற்றவியல் அவதூறு 2002இலேயே நீக்கப்பட்டுவிட்டது. உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்துடன் செய்யும் முறைப்பாட்டுக்குச் சிவில் சட்டத்திலும் காப்புண்டு. பொய்யென்று தெரிந்தே தகவல் கொடுப்பவர்தான் தண்டிக்கப்படுவார். சாட்சியொருவரை அச்சுறுத்துவது, சாட்சிகளைப் பாதுகாக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின்படி தனிக் குற்றமாகும். இடமாற்றமே வராது என்று என்னால் உறுதி கூற முடியாது. ஆனால் வந்தால், திகதியிட்ட உங்கள் கடிதமும் முறைப்பாட்டு இலக்கமும் கையிலிருப்பது மேன்முறையீட்டில் பழிவாங்கலைக் காட்டுவதற்குப் பெரிதும் உதவும். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்துக்குப் போவதாயின் ஒரு மாதத்துக்குள் போங்கள். உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் அடிப்படை உரிமை மனுவுக்கு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை விதிக்கும் காலவரை அதுதான். அதற்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது.

பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் சேர்த்துவிடுவார்களோ என்ற அச்சமும் உங்களுக்கு இருக்கலாம். சிறுவர் மற்றும் இளைஞர் கட்டளைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் அவளைப் பொருத்தமான உறவினர் ஒருவரின் பொறுப்பிலும் விடலாம். நம்பகமான சித்தியோ பெரியம்மாவோ இருந்தால் அவருடைய பெயரையும் முகவரியையும், தாயின் குவைத் தொலைபேசி இலக்கத்தையும் முதல் நாளே, சிறுவர் வழக்குகளில் நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும் நன்னடத்தை உத்தியோகத்தரிடம் கொடுத்துவிடுங்கள்.